அலுமினியத்துக்குள் எஃகு மரை

பைக்குக்கு ஆயில் மாற்றுவது அரை மணி நேர வேலை. பழைய ஆயில் வடிந்து முடிந்ததும் டிரெயின் போல்ட்டைத் துடைத்துத் திரும்ப மாட்டி, கடைசியாக ஸ்பானரை ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். இறுக்கம் கூடிக்கொண்டே வரும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஸ்பானர் சட்டென்று இலகுவாகிவிட்டால் வேலை கெட்டுவிட்டது என்று பொருள். "அண்ணே, போல்ட்டு ஃப்ரீயா சுத்துது" என்று பட்டறைப் பையன் சொல்லும்போது அவன் குரலிலேயே விஷயம் தெரிந்துவிடும். போல்ட்டை வெளியே எடுத்துப் பார்த்தால் அதன் மரைகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளை உலோக இழை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சினின் அலுமினிய அடிப்பாகத்தில் இருந்த மரைதான் அது. மொத்தமாக அறுந்து, போல்ட்டோடு வந்துவிட்டது.

இன்றைய இரு சக்கர வாகனங்களில் ஹெட், கிராங்க் கேஸ், கிளட்ச் கவர், மேக்னெட் கவர் எல்லாமே பெரும்பாலும் அலுமினிய வார்ப்புகள். கார்களிலும் ஹெட் அலுமினியம்; பலவற்றில் பிளாக்கும் அலுமினியம்தான். ஆகவே இந்த விபத்து எந்த வாகனத்துக்கும் நேரலாம். நேர்ந்த பிறகு வாகனக்காரருக்குக் கிடைக்கும் ஆலோசனைகள் இரண்டு துருவங்களில் நிற்கின்றன. ஒரு பக்கம், கிராங்க் கேஸையே மாற்றச் சொல்வார்கள். ஒரே ஓர் ஓட்டைக்காக எஞ்சினை முழுக்கப் பிரித்து, ஆயிரக்கணக்கில் செலவழித்து, புது வார்ப்பு போட வேண்டும். இன்னொரு பக்கம், எம்-சீல் வைத்து அடைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். இரண்டுமே தேவையில்லை. முறையாகச் சீர்செய்த மரை, கம்பெனியில் வெட்டி அனுப்பிய மரையைவிடப் பலமாக இருக்கும். விமானத் துறை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து இதை நம்பித்தான் பறந்துகொண்டிருக்கிறது.

எஞ்சினுக்குள் அலுமினியம் வந்ததிலும் விமானத்துக்குப் பங்குண்டு. ரைட் சகோதரர்கள் 1903-இல் பறக்கவிட்ட விமானத்துக்கு எடை குறைந்த எஞ்சின் தேவைப்பட்டது. அவர்களிடம் மெக்கானிக்காக இருந்த சார்லி டெய்லர், கிராங்க் கேஸை அலுமினியத்தில் வார்க்கவைத்தார். அதில் சுமார் 8 சதவீதம் செம்பு கலந்திருந்தது. எஃகின் அடர்த்தி 7.8, அலுமினியத்துக்கு 2.7தான். எடை மூன்றில் ஒரு பங்காகிறது. சூட்டையும் வேகமாகக் கடத்தி வெளியே தள்ளிவிடும். இந்த இரண்டு குணங்களுக்காக அலுமினியத்தை ஏற்றுக்கொண்டவர்கள், அதன் பலவீனத்தையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொண்டார்கள். போல்ட் எஃகு, அது இறங்கும் துளை அலுமினியம். இறுக்கும்போது தோற்பது எப்போதும் மென்மையான பக்கம்தான்.

எவ்வளவு மென்மை? பைக் எஞ்சின் கவர்களுக்கு அதிகம் பயன்படும் ஏ.டி.சி.12 என்ற அச்சுவார்ப்புக் கலவையின் இழுவலிமை ஏறத்தாழ 300 மெகாபாஸ்கல். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் அதன் இழுவலிமை 800 மெகாபாஸ்கல். அதாவது போல்ட், துளையைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வலிமையானது. ஒருவகையில் இது நல்லதும்கூட. போல்ட் உடைந்து உள்ளே சிக்கிக்கொண்டால் அதை எடுப்பது பெரும்பாடு. மரை அறுந்தால் போல்ட் முழுசாகக் கையோடு வந்துவிடும்.

கிளட்ச் கவரில் இருக்கும் சின்னப் போல்ட்டுகளை எடுத்துக்கொள்வோம். 6 மில்லிமீட்டர் விட்டம். பல வண்டிகளில் எட்டாம் நம்பர் அல்லது பத்தாம் நம்பர் ஸ்பானர். இவற்றுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இறுக்கம் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். 15 சென்டிமீட்டர் நீள ஸ்பானரின் முனையில் கை கொடுக்க வேண்டிய விசை ஏழு கிலோ அளவுதான். ஆனால் மரையின் சரிவு அந்த விசையைப் பலமடங்கு பெருக்குகிறது. உலர்ந்த மரையில் 10 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் போல்ட் கவரை ஏறக்குறைய 800 கிலோ விசையோடு அழுத்திப் பிடிக்கும். கவருக்கு அது போதும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று நீள ராட்செட் பிடியை மாட்டி இழுத்தால், கைக்குப் பெரிதாகத் தெரியாமலேயே அந்த 800 கிலோ இரட்டிப்பாகிவிடும். போல்ட்டில் ஆயில் தடவியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். உராய்வு குறைவதால் அதே இழுப்புக்கு அழுத்தம் கூடிவிடும்.

அந்தப் பாரத்தை எல்லா மரைகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதில்லை. போல்ட் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் முதல் மரையே பாரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஏற்கிறது. இரண்டாவது மரைக்குக் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆறாவது மரைக்கு அப்பால் போகும் பாரம் மிகச் சொற்பம். எனவே மரை அறுவது முதல் மரையில் தொடங்குகிறது. அது நெளிந்து விட்டுக்கொடுத்ததும் முழுப் பாரமும் அடுத்ததன் மேல் விழுகிறது, அதுவும் போகிறது. ஸ்பானரில் இறுக்கம் தெரிந்து, உடனே கைவிட்டுப்போவதற்கு இதுதான் காரணம்.

எஞ்சினை வடிவமைப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. எஃகுக்குள் எஃகு போல்ட் இறங்கினால் விட்டத்தின் அளவுக்கு ஆழம் போதும் என்பது பொது விதி. அலுமினியத்துக்கு ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு ஆழம் கொடுப்பார்கள். 8 மில்லிமீட்டர் போல்ட் என்றால் 12 முதல் 16 மில்லிமீட்டர். அடிக்கடி கழற்ற வேண்டிய இடங்களில் போல்ட்டுக்குப் பதிலாக ஸ்டட் வைப்பார்கள். ஸ்டட் அலுமினியத்துக்குள் ஒரே ஒருமுறை இறங்கி அங்கேயே நின்றுவிடும். ஏறி இறங்கித் தேய்வதெல்லாம் வெளியே உள்ள நட்டின் பாடு. ஹெட்டைப் பிடித்திருக்கும் நீண்ட ஸ்டட்டுகளும், சைலன்சர் குழாயைப் பிடித்திருக்கும் குட்டையான ஸ்டட்டுகளும் இந்த யோசனையில் வந்தவைதான். டிரெயின் போல்ட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஒவ்வோர் ஆயில் மாற்றத்துக்கும் அது நேரடியாக அலுமினியத்தில் ஏறி இறங்குகிறது. அதனால்தான் மரை போகும் இடங்களில் அது முன்வரிசையில் நிற்கிறது.

அதிக இறுக்கம் ஒன்றே காரணம் என்று எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டுவிட முடியாது. போல்ட்டைக் கோணலாக ஏற்றுவது அதைவிட மோசமானது. துளையின் வாயில் போல்ட் சரிந்து உட்கார்ந்திருக்கும்போதே ஸ்பானரையோ ஏர் கன்னையோ போட்டால், கடினமான எஃகு மரை அலுமினியத்தில் தனக்கென்று புதிதாக ஒரு பாதையை வெட்டிக்கொள்ளும். பழைய பாதையும் புதுப் பாதையும் ஒன்றையொன்று குறுக்கிட்டு, இரண்டுமே உதவாமல் போய்விடும்.

மூன்றாவது காரணம் உப்பு. ஈரமும் உப்பும் சேரும் இடத்தில் எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே மெல்லிய மின்வேதி அரிப்பு தொடங்கும், அரிபடுவது அலுமினியம். அரித்து உண்டாகும் வெள்ளைப் பொடி, இருந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைப்பதால் மரைகளின் இடுக்கில் இறுகிப் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளில் சைலன்சர் ஸ்டட் கழலாமல் அடம்பிடிப்பதற்கு உப்புக்காற்றும் சூடும் சேர்ந்து காரணம். நட்டும் ஸ்டட்டும் துருவில் ஒன்றாகிவிடும். நட்டைத் திருப்பினால் ஸ்டட்டே சுற்றிக்கொண்டு, ஹெட்டின் மரையையும் உரித்துக்கொண்டு வெளியே வரும்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்குத் தனிப் பிரச்சினை ஒன்று உண்டு. அந்த வண்டிகளின் பூர்விகம் இங்கிலாந்து; மரைகளும் பிரிட்டிஷ் அங்குலக் கணக்கு. 5/16 அங்குல பி.எஸ்.எஃப். போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர், இன்றைய எட்டு மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஒரு முடியளவு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். ஆனால் முதலாவதில் ஓர் அங்குலத்துக்கு 22 மரைகள், இரண்டாவதில் இருபதுக்குச் சற்றே அதிகம். பட்டறையின் போல்ட் டப்பாவிலிருந்து கைக்குக் கிடைத்ததை எடுத்து ஏற்றினால் இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போகும், பிறகு இறுகும். துருவாக இருக்கும் என்று நினைத்து அழுத்தித் திருப்பினால் துளை போயிற்று. மரை கேஜ் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ரம்பப் பல் போன்ற தகடுகள் கொண்டது, சட்டைப் பையில் அடங்கிவிடும். போல்ட்டின் மேல் வைத்துப் பார்த்தால் எந்த மரை என்று சொல்லிவிடும். பழைய வண்டிகளைத் தொடுகிற எந்தப் பட்டறையிலும் இது இல்லாமல் இருக்கக்கூடாது.

மரை போன பிறகு முதலில் செய்ய வேண்டியது, எவ்வளவு போயிற்று என்று பார்ப்பது. வாயில் உள்ள ஒன்றிரண்டு மரைகள் மட்டும் நசுங்கியிருந்தால் மரை சேசர் என்ற கருவியை உள்ளே ஓட்டினால் போதும். அது நெளிந்த மரையை நிமிர்த்திவிடும். அந்த இடத்தில் மரை வெட்டும் சாதாரண டேப்பைப் போட்டால் அது உலோகத்தைச் செதுக்கி எடுத்துவிட வாய்ப்புண்டு. ஏற்கெனவே நொந்த மரை இன்னும் மெலிந்துபோகும்.

மொத்த மரையும் போயிருந்தால்தான் குறுக்குவழிகள் தலைநீட்டுகின்றன. டெஃப்லான் டேப்பைச் சுற்றி ஏற்றுவது ஒன்று. டேப் கசிவை ஓரளவு நிறுத்தும், பாரம் தாங்காது. டிரெயின் போல்ட் ஓடும்போது விழுந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் ஆயில் இல்லாமல் சீஸாகிவிடும் என்பதை நினைத்தால் இதைச் செய்யக் கை வராது. எபாக்ஸி பசை வைத்து ஒட்டுவதும் அப்படித்தான், சூட்டிலும் அதிர்விலும் எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் ஓவர்சைஸ் டிரெயின் போல்ட் கடைகளில் கிடைக்கிறது. அவசரத்துக்கு ஊர் போய்ச் சேர உதவும். ஆனால் அது வெட்டும் துகள்கள் ஆயில் சேம்பருக்குள் விழும். கோணலாக ஏறினால் வாஷர் சமமாக உட்காராது, கசிவும் நிற்காது. துளையைப் பெரிதாக்கி அடுத்த அளவு போல்ட்டுக்கு மரை வெட்டுவது, அதாவது ஆறுக்கு எட்டு போடுவது, இவற்றில் கொஞ்சம் கௌரவமான வழி. சுற்றிலும் சதை இருந்தால் நிற்கும். கவரில் உள்ள துளையையும் பெரிதாக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புது மரையும் அலுமினியம்தான் என்பதால் பழைய பலவீனம் அப்படியே தொடரும்.

நிலையான தீர்வு, அந்தத் துளைக்குள் எஃகு மரையைக் குடியமர்த்துவது. அதில் உலகெங்கும் பெயர் பெற்றது ஹெலிகாயில். கம்பெனியின் பெயர் பொருளின் பெயராகவே மாறிவிட்டது. வேறு யார் தயாரித்தாலும் பட்டறைகளில் ஹெலிகாயில் என்றுதான் கேட்பார்கள். 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவான யோசனை இது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் அலுமினிய, மெக்னீசியப் பாகங்களில் பரவலானது. பார்ப்பதற்குப் பேனா ஸ்பிரிங்கைக் குட்டையாக வெட்டியது போல இருக்கும். உற்றுப் பார்த்தால் கம்பியின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லை, வைர வடிவத்தில் இருக்கிறது. வெளிப்பக்க முனை அலுமினியத்தில் வெட்டிய பள்ளத்தில் பொருந்தும். உள்பக்க முனைகள் சேர்ந்து போல்ட்டுக்கு வேண்டிய 60 பாகை மரையாக அமையும். துருப்பிடிக்காத எஃகைக் குளிர்நிலையில் உருட்டி இந்தக் கம்பியைச் செய்வதால், அதன் வலிமை சாதாரண போல்ட்டின் வலிமையைவிட அதிகம்.

இது ஏன் பழைய மரையைவிடப் பலமாகிறது? போல்ட் இப்போது எஃகின் மேல் ஏறுகிறது, எத்தனைமுறை கழற்றி மாட்டினாலும் அலுமினியம் தேயாது. அலுமினியத்தில் வெட்டிய பள்ளமும் முன்பைவிட அகலமான வட்டத்தில் இருக்கிறது. 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இருந்த பிடி இப்போது ஏழு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வட்டத்தில் பரவியிருப்பதால், அறுபட வேண்டிய உலோகத்தின் பரப்பு கூடியிருக்கிறது. அதைவிட நுட்பமானது ஒன்று உண்டு. சுருள் என்பதால் அதற்குக் கொஞ்சம் நெகிழ்வு இருக்கிறது. முதல் மரையின் மேல் பாரம் குவியும்போது அது இம்மியளவு விட்டுக்கொடுத்து, அடுத்தடுத்த மரைகளுக்கும் பாரத்தைத் தள்ளிவிடுகிறது. முன்பு ஒரு மரை சுமந்த பாரத்தை இப்போது பல மரைகள் பகிர்ந்துகொள்கின்றன.

ஒரு மெக்கானிக் கிளட்ச் கவரின் 6 மில்லிமீட்டர் துளை ஒன்றைச் சரிசெய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் வேலையின் நயம் புரியும். முதலில் சுத்தம். துளைக்குள் இருக்கும் ஆயிலையும் அறுந்த மரையின் மிச்சத்தையும் துடைத்தெடுப்பார். அடுத்தது 6.3 மில்லிமீட்டர் டிரில். இங்கேதான் பாதி வேலைகள் கெடுகின்றன. டிரில் துளைக்கு நேராக, முகப்புக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். கழற்றிய பாகமாக இருந்தால் பில்லர் டிரில்லில் வைத்துவிடலாம். எஞ்சின் வண்டியிலேயே இருந்தால் கண்ணும் மணிக்கட்டும்தான் துணை. அனுபவசாலிகள் பக்கவாட்டில் ஒரு மூலைமட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு திசையிலும் சரிபார்ப்பார்கள். அடிப்பக்கம் மூடிய துளை என்றால் ஆழத்தை அளந்து, டிரில்லின் மேல் டேப் ஒட்டி அடையாளம் வைக்க வேண்டும். அடியில் துளைத்துக்கொண்டு எஞ்சினுக்குள் போய்விட்டால், சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

பிறகு மரை வெட்டும் டேப். கடையில் வாங்கும் சாதாரண டேப் இதற்கு ஆகாது. ஹெலிகாயில் பெட்டியோடு வரும் டேப் தனி ரகம். மரை இடைவெளி 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு உரிய அதே ஒரு மில்லிமீட்டர்தான், வெளி விட்டம் மட்டும் 7.3. மண்ணெண்ணெயோ மெல்லிய ஆயிலோ விட்டு, கையால் மெதுவாகத் திருப்புவார். ஒரு சுற்று முன்னே போனால் அரைச் சுற்று பின்னே. பின்னே திருப்பும்போது "டிக்" என்று ஒரு சின்ன முறிவு கையில் தெரியும். வெட்டிய துகள் உடைந்து விழுந்ததற்கு அதுதான் அடையாளம். அலுமினியம் ஒட்டும் குணமுள்ள உலோகம். பின்னே திருப்பாமல் ஒரே மூச்சில் ஓட்டினால் துகள் டேப்பின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு, வெட்டிய மரையையே கிழித்துவிடும். டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவிக்கொண்டால் துகள்கள் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

துளையை ஊதிச் சுத்தம் செய்த பிறகு சுருள். சுருளின் அடிமுனையில் குறுக்காக மடங்கிய ஒரு நாக்கு உண்டு. ஏற்றும் கருவியின் நுனி அந்த நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டே உள்ளே திருப்பும். கையில் வைத்திருக்கும்போது சுருள் துளையைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும். நாக்கைப் பிடித்து இழுக்கும்போது விட்டம் குறுகி உள்ளே போகும், விட்டதும் விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளும். பசை இல்லாமலேயே அது அங்கே நிற்பது இந்த விரிவால்தான். ஏற்றும்போது அழுத்தக்கூடாது, அழுத்தினால் சுருள் ஒரு பள்ளம் தாண்டி அடுத்ததில் இறங்கிவிடும். மேல்முனை முகப்பிலிருந்து கால் சுற்று முதல் அரைச் சுற்று கீழே இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். கடைசியாக, நாக்கை ஒரு பஞ்ச்சால் தட்டினால் அதற்கென்று வெட்டிவைத்த இடத்தில் அது ஒடிந்துவிடும். ஒடிந்த துண்டை வெளியே எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. பழக்கப்பட்ட கைக்கு இதெல்லாம் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சுருளின் விலையும் மிகச் சொற்பம். செலவெல்லாம் அந்தத் தனி டேப்புக்கும் ஏற்றும் கருவிக்கும்தான். பட்டறைகள் பலவற்றில் இந்த வேலையை எடுக்கத் தயங்குவதற்கும் அந்த முதலீடே காரணம். பெரும்பாலான பைக்குகளில் திரும்பத் திரும்ப வரும் அளவுகள் ஆறும் எட்டும் பத்தும்தான் என்பதால், மூன்று அளவுகளுக்குப் பெட்டி வைத்திருந்தால் பட்டறைக்கு அது என்றைக்கும் சோறு போடும்.

எல்லாத் துளைக்கும் ஹெலிகாயில் பொருந்துமா என்றால், ஸ்பார்க் பிளக் துளையில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றும்போது கார்பன் படிந்த சுருளும் சேர்ந்து சுற்றி வெளியே வந்துவிடுவதுண்டு. ஒடித்த நாக்கு சிலிண்டருக்குள் விழுந்தால் தொல்லை. பிளக் தன் சூட்டை மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதால், அங்கே இடைவெளியில்லாத பிடிப்பு தேவை. இதற்கு உகந்தது திடமான புஷ். டைம்-செர்ட் என்ற அமெரிக்கத் தயாரிப்பு இந்த வகையில் பெயர் பெற்றது. உள்ளும் புறமும் மரை உள்ள மெல்லிய எஃகுக் குழல்; மேலே ஒரு விளிம்பு. அதன் கடைசி உள்மரைகள் முழுதாக வெட்டப்படாமல் இருக்கும். ஏற்றும் கருவி அவற்றின் ஊடே போகும்போது அவற்றை வெளிப்புறமாக அழுத்தி விரிக்கும். குழல் அலுமினியத்தோடு பூட்டிக்கொள்ளும். விளிம்பு மேலே உட்கார்ந்துவிடுவதால் கீழே இறங்கவும் முடியாது. லேத்துப் பட்டறைகளில் பித்தளையிலோ எஃகிலோ புஷ் கடைந்து போடுவது நம் ஊரில் வெகுகாலமாக உள்ள வழக்கம். நல்ல டர்னர் அளவு பிசகாமல் கடைந்து, மரையோடு இறக்கினால் அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். சுத்தியலால் அடித்து இறக்கிய வழவழப்பான புஷ்தான் பிளக்கோடு சேர்ந்து பறக்கும்.

பறக்கும் என்பது வெறும் பேச்சுக்காகச் சொன்னதில்லை. 1990-களின் பிற்பகுதியில் போர்டு கம்பெனியின் டிரைட்டன் வரிசை எஞ்சின்களில் அலுமினிய ஹெட்டின் பிளக் துளைக்கு நான்கு மரை அளவுக்குத்தான் பிடிப்பு இருந்தது. எரியும் வாயு சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோ அளவு அழுத்தத்தில் தள்ளும்போது, 14 மில்லிமீட்டர் பிளக்கின் அடியில் விழும் விசை 90 கிலோ. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடிகள். மரை தளர்ந்து, பிளக் துப்பாக்கிக் குண்டுபோல வெளியேறிய சம்பவங்கள் அமெரிக்காவில் ஏராளம். முழு ஹெட்டை மாற்றுவதற்குப் பதிலாக மரை இன்செர்ட் போட்டுச் சரிசெய்யும் முறையைப் பின்னாளில் போர்டே ஏற்றுக்கொண்டது. கெடிலாக் கார்களில் 1993 மாடலாக வந்த நார்த்ஸ்டார் வி-8 எஞ்சினில் சிக்கல் வேறு இடத்தில். அலுமினிய பிளாக்கிலிருந்து ஹெட் போல்ட்டுகள் மரையோடு பிடுங்கிக்கொண்டன. அதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் சொன்ன பழுது முறை, போல்ட் துளைகளில் டைம்-செர்ட் போடுவது.

மெக்னீசியம் இன்னும் இளகிய உலோகம். போக்ஸ்வேகன் பீட்டிலின் கிராங்க் கேஸ் மெக்னீசியக் கலவை. அதன் ஹெட் ஸ்டட்டுகள் கேஸிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவது பீட்டில்காரர்களுக்குப் பழகிப்போன தலைவலி. எஃகு இன்செர்ட் போடுவதுதான் அதற்கும் மருந்து. அந்த இன்செர்ட்டுக்குப் பெயரே "கேஸ் சேவர்". 1970-களில் கம்பெனியே அதைத் தொழிற்சாலையில் பொருத்தி அனுப்பத் தொடங்கியது. கூடவே 10 மில்லிமீட்டர் ஸ்டட்டுகளை எட்டாகக் குறைத்தது. மெலிந்த ஸ்டட் கொஞ்சம் நீண்டு கொடுக்கும் என்பதால், எஞ்சின் சூடேறி விரியும்போது மரையின் மேல் விழும் இழுப்பு குறைகிறது. பி.எம்.டபிள்யூ. தன் என்-52 எஞ்சினில் வேறு வழியில் போனது. மெக்னீசிய உறைக்குள் எஃகு போல்ட் போட்டால் அரிப்பு வரும் என்பதால் போல்ட்டுகளையே அலுமினியத்தில் செய்தது. ஒருமுறை கழற்றினால் அவற்றைத் தூக்கிப்போட்டுப் புதியது போட வேண்டும்.

விமானத்தில் பழுதுக்காகக் காத்திருப்பதில்லை. செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானங்களில் உள்ள லைகமிங் எஞ்சினின் பிளக் துளைகளில் எஃகுச் சுருள் தொழிற்சாலையிலேயே போடப்பட்டு வருகிறது. பிளக்குகளை அடிக்கடி கழற்றிச் சோதிக்க வேண்டியிருப்பதால் அலுமினிய மரையை அவர்கள் நம்பவில்லை. பைக்கின் டிரெயின் துளைக்கும் இதே நியாயம் பொருந்தும். அங்கே ஓர் எஃகு மரையைக் கம்பெனியே வைத்துக் கொடுக்கலாம். வண்டியின் விலையில் அது ஒரு பொருட்டே இல்லை.

சுருளும் புஷ்ஷும் போட முடியாத இடங்களும் உண்டு. துளையின் சுற்றுச்சுவர் வெடித்திருந்தாலோ, முன்பே இரண்டு மூன்று முறை பெரிதாக்கிச் சதையே இல்லாமல் போயிருந்தாலோ, டிக் வெல்டிங் செய்து துளையை நிரப்பி, புதிதாக டிரில் போட்டு மரை வெட்ட வேண்டும். ஆயில் ஊறிய பழைய வார்ப்பு வெல்டிங்கில் கொப்புளிக்கும். நன்றாகக் கழுவிச் சூடேற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அலுமினியத்தைச் சூடேற்றுவதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. இரும்பு சிவந்து எச்சரிக்கும், அலுமினியம் நிறம் மாறாமலேயே உருகிவிடும். சிலிக்கன் கலந்த வார்ப்புகள் 600 டிகிரியைத் தொடுவதற்கு முன்பே இளகத் தொடங்குகின்றன. ஆனால் அளவான சூடு நண்பன். சிக்கிக்கொண்ட போல்ட்டைக் கழற்ற, துளையைச் சுற்றி ஹாட் ஏர் கன்னால் சூடேற்றினால் அலுமினியம் எஃகைப்போல் இரண்டு மடங்கு விரியும், போல்ட்டின் பிடி தளரும்.

ஸ்பார்க் பிளக்குக்கு மட்டும் இது நேர் எதிர். எஞ்சின் ஆறிய பிறகே அதைக் கழற்ற வேண்டும் என்பது பிளக் தயாரிப்பாளர்களின் அறிவுரை. சூடாக இருக்கும்போதே கழற்றினால், இளகியிருக்கும் மெல்லிய மரையைப் பிளக் உரித்துவிடக்கூடும். மாட்டும்போது 10 மில்லிமீட்டர் பிளக்குக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30 என்பது என்.ஜி.கே. தரும் அளவு. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் புதுப் பிளக்கைக் கையால் முட்டும்வரை திருப்பி, அதன்பிறகு அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக இறுக்கினால் வாஷர் சரியாக நசுங்கி உட்காரும். எந்தப் போல்ட்டாக இருந்தாலும் முதலில் விரலால் எதிர்த்திசையில் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். மரையின் தொடக்கத்தில் அது "டொக்" என்று ஒரு படி இறங்கும். அங்கிருந்து முன்னே திருப்பினால் கோணலாக ஏறாது. விரலால் மூன்று சுற்றாவது போகாத போல்ட்டுக்கு ஸ்பானரைக் காட்டக் கூடாது. டிரெயின் போல்ட்டின் வாஷரை ஒவ்வொருமுறையும் புதிதாகப் போட்டால், கசிவை நிறுத்துவதற்காகக் கூடுதலாக இறுக்க வேண்டிய கட்டாயமே வராது.

ஹெலிகாயில் போட்ட துளையும் என்றைக்காவது கெடலாம். சுருள் தவறான ஆழத்தில் உட்கார்ந்திருக்கலாம், கோணல் போல்ட் அதையும் கிழித்திருக்கலாம். அப்போது மறுபடி டிரில் போட வேண்டியதில்லை. கூரிய விளிம்புள்ள எடுப்பான் ஒன்று உண்டு. அதைச் சுருளின் வாயில் வைத்துத் தட்டி, அழுத்தியபடி இடப்பக்கமாகத் திருப்பினால் சுருள் முழுசாகக் கழன்று வந்துவிடும். அலுமினியத்தில் முன்பு வெட்டிய 7.3 மில்லிமீட்டர் மரை அப்படியே இருந்தால், ஊதிச் சுத்தம் செய்து அதே துளையில் புதுச் சுருளை ஏற்றிக்கொள்ளலாம்.